மூன்றாம் அடுக்கு

மூணுன்னா கொஞ்சம் ரிஸ்க்குங்க, ரெண்டுன்னா நல்லா இருக்கும் என்று அவர் சொன்னார். கட்டிலைத்தான் சொன்னார். சட்டையில் ரஹமத்துல்லா என்று பெயர் குத்தியிருக்கும் இந்த விற்பனையாளருக்கு, காதிடுக்கில் பென்சிலும் கையில் அளவு டேப்புமாக நிற்கும் இந்த நல்ல மனிதருக்கு, கட்டிலைத் தவிர என்னிடம் சொல்ல வேறு என்ன இருக்கிறது. நானும் கட்டிலுக்குத்தான் தலையாட்டினேன். ஆனால் அந்தச் சொற்கள் உள்ளே போய், எப்போதோ வந்து உட்கார்ந்திருந்த வேறு சொற்களின் மேல் அச்சுப் பிசகாமல் பொருந்திக்கொண்டன. ஏழு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா இதையேதான் சொன்னார், இதே நிதானத்தில், இதே அக்கறையில். மூணு ரிஸ்க், ரெண்டுன்னா நல்லா இருக்கும். இங்கே பாலிஷ் வாசனை அடிக்கிறது, பிரிக்காத மெத்தைகளின் பிளாஸ்டிக் உறை ஏசிக் காற்றில் சரசரக்கிறது, திருப்பூரில் ஒரு பர்னிச்சர் கடையின் மூன்றாவது மாடி, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. எனக்கு முன்னால் ரப்பர் மரத்தில் செய்த கட்டில். ஒரு தட்டு, அதற்கு மேல் ஒரு தட்டு, அதற்கும் மேல் ஒரு தட்டு. அண்ணாந்து பார்க்கிறேன். தூங்குகிற பிள்ளைகளை ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக அடுக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும், தோன்றியபோது அவருக்குப் பயமாக இருந்திருக்காதா.

பிள்ளைகளுக்குப் பயம் இல்லை. யாழிசை கீழ்த்தட்டில் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் பார்க்கிறாள், அங்கே என்ன என்ன வைக்கலாம் என்று ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டாள். கவின் நடுத்தட்டில் உட்கார்ந்து மேல்பலகையைத் தலையால் முட்டிப் பார்க்கிறான், முட்டவில்லை, அது அவனுக்கு ஏமாற்றமாக இருக்கிறது. மிருதுளா மேலே. எப்போது ஏறினாள், நான் பார்க்கவே இல்லை, ஏணியில் கால் வைத்ததுகூடத் தெரியாமல் மேலே இருக்கிறாள், கைப்பிடிச் சட்டத்துக்கு மேல் அவள் உச்சந்தலையும் இரண்டு கண்ணும் மட்டும் தெரிகின்றன. அப்பா நீங்க குட்டியா இருக்கீங்க என்கிறாள். மூன்று பேருக்கும் ஆறரை வயது. மூன்று பேரும் ஒரே காலையில், நான்கு நிமிஷத்துக்குள் பிறந்தவர்கள். இதுவரை எல்லோரும் ஒரே அறையில், தரையில், கோரைப்பாய்மேல் மெத்தை விரித்து ஐந்து பேரும் படுத்தோம். ராத்திரி யாருடைய கால் யார்மேல் கிடக்கிறது என்று தெரியாது, தேவையும் இல்லை. போன மாதம் வீடு மாறினோம், பிள்ளைகளுக்குத் தனியாக ஓர் அறை, ஒன்பதுக்கு எட்டு. அதில் மூன்று கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது என்று மதிதான் இந்த மூன்றடுக்கைப் பற்றி எங்கோ பார்த்துவிட்டுச் சொன்னாள். வளர்மதி, என் மனைவி. இப்போது அவள் அந்தப் பக்கம் நின்று ஏணிப்படி ஒவ்வொன்றையும் கையால் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அந்தச் சொற்களைக் கேட்டாளா, கேட்டிருந்தால் அவளுக்கும் அதே இடத்தில் பொருந்தியதா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் முகத்தில் எப்போதும் ஒன்றும் தெரியாது.

ஒரு தட்டு எவ்வளவு தாங்கும் என்று கேட்டேன். நூறு கிலோ என்றார் ரஹமத்துல்லா. எடை என்றால் எனக்குப் புரியும், என் பிழைப்பே எடைதான், பல்லடம் ரோட்டில் எடைமேடையில் பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். லாரி ஏறும், எண் ஓடி நிற்கும், சீட்டு அடித்துக் கொடுப்பேன். கூடுதலாக இருந்தால் டிரைவரிடம், ஓவர்லோடுப்பா குமரேசன் சொன்னேன்னு ஓனர்கிட்டச் சொல்லி பாரத்தைக் குறைச்சுக்கோ என்பேன். அதனால்தான் அன்றைக்கு டாக்டரம்மா சொன்னது எனக்கு அவ்வளவு சுலபமாகப் புரிந்துவிட்டது, இன்றைக்கும் என்னைக் கூசவைப்பது அந்தச் சுலபம்தான். ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி, பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்கேன் திரையில் மூன்று கறுப்புப் புள்ளிகள். நான் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மதியின் உயரம் நாலடி பத்து, ரத்தம் குறைவு, மூன்றையும் அந்த உடம்பு சுமக்காது, ஒன்றைக் குறைத்துவிட்டால் மற்ற இரண்டும் நன்றாக வளரும், அம்மாவுக்கும் நல்லது என்று படம் போட்டு விளக்கினார். குறைத்துவிட்டால். அந்தச் சொல் எனக்குத் தினமும் பழக்கமான சொல். தலையாட்டினேன். மதியும் ஆட்டினாள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன், என் முழுப் பெயரையும் தெளிவாக எழுதினேன், தேதிகூடப் போட்டேன். பன்னிரண்டாம் வாரம் முடிகிற அன்று அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். நான் வராந்தாவில் நின்றேன். எதிர்ச் சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதைத் தவிர அந்த நேரத்தில் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. சீக்கிரமே வந்துவிட்டாள். போலாம் என்றாள். நான் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, சோமனூர் தாண்டிய பிறகுதான் வலிக்குதா என்று கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மூணும் இருக்குதுங்க என்றாள்.

அப்போது எனக்கு வந்தது கோபம். இதை யாரிடமும் சொன்னதில்லை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும், நிம்மதி வந்திருக்க வேண்டும், வந்தது கோபம்தான், பஸ்ஸை நிறுத்தி இவளைத் திரும்ப இழுத்துக்கொண்டு போகலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவள் செத்துப்போவாள் என்று பயந்தேன். அவள் செத்து, மூன்றும் செத்து, நான் மட்டும் பல்லடம் ரோட்டில் உட்கார்ந்து லாரிக்குச் சீட்டு அடித்துக்கொண்டிருப்பேன் என்று பயந்தேன். கடைசியில் யாரும் சாகவில்லை, அது எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. இருபத்தொன்பதாம் வாரத்தில் எடுத்தார்கள். ஆயிரத்து நூற்றெண்பது கிராம், ஆயிரத்து நாற்பது கிராம், எழுநூற்றுத் தொண்ணூறு கிராம். கிராம் என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். என் மேடையில் பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும் கிடையாது. அந்த மூன்று பேரையும் ஒன்றாகத் துணியில் சுற்றி அதன்மேல் வைத்திருந்தாலும் எண் பூஜ்யத்தைவிட்டு நகர்ந்திருக்காது. அப்படிப்பட்ட மூன்று பூஜ்யங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. தோல் வழியாக உள்ளே ரத்தம் ஓடுவது தெரிந்தது. நர்ஸ் என் கையைக் கழுவச் சொல்லி, பெட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாக ஒரு விரலை மட்டும் உள்ளே விடச் சொன்னார். விட்டேன். ஒரு கை, என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கை, அதைப் பிடித்துக்கொண்டது. லாரிகளின் பக்கத்தில் நின்று பழகியவன் நான், இருபது டன் ஏறும்போது தரை அதிர்வதை உள்ளங்காலில் அறிந்தவன். அந்தப் பிடிக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. நர்ஸ் ஸ்டூலை நகர்த்திப் போட்டார், உட்கார்ந்தேன்.

அந்த விரலைப் பிடித்தபோதுதான் முதன்முதலாக அது தோன்றியது, அதன்பிறகு போகவே இல்லை. எது. நான் கையெழுத்துப் போட்டது மூன்றில் எதற்கு. இதோ இந்தப் பிடிக்கா, பக்கத்துப் பெட்டியில் இருக்கிற பிடிக்கா. யாழிசைக்கு முதல் பல் முளைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள், நான் இவளா என்று நினைத்தேன். கவின் நிமோனியாவில் படுத்தபோது இரண்டு ராத்திரி அவனை மடியில் வைத்துக்கொண்டு இவனா, அதனால்தானா, பாதியில் விட்டதை எடுத்துக்கொள்ளச் சாவு வந்திருக்கிறதா என்று நினைத்தேன். மிருதுளா மூன்று வயது வரைக்கும் பேசவில்லை, பிறகு ஒருநாள் குழாயடியில் நின்று தண்ணி வரல என்று முழு வாக்கியமாகப் பேசினாள், நான் அழுதேன், மதி என்னவென்று கேட்டாள், சந்தோஷம் என்றேன். பொய் இல்லை, ஆனால் அது மட்டும் இல்லை. யாரையும் என்னால் அதட்ட முடிவதில்லை. அதட்ட வாயெடுத்தால் இந்தப் பிள்ளையாக இருந்துவிட்டால் என்று வந்து நிற்கும். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள் என்று மதி சொல்வாள். இருக்கட்டும். மூன்று பேரும் வரிசையாகச் சாப்பிட உட்காரும்போது ஒவ்வொரு இடத்திலும் ஆள் இல்லாமல் மனசு ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பும், ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு நொடிக்கு ஒருவரை அழித்துவிட்டு உடனே திரும்ப எழுதும். திரும்ப எழுதுகிற அந்த நொடியில் அந்தப் பிள்ளை பூமியில் அப்போதுதான் வந்து இறங்கியதுபோல, மோர்சாதம் ஒழுகுகிற கையோடு, அவ்வளவு வெளிச்சமாக இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை இப்படி. யாருக்கும் இது தெரியாது.

மேல் தட்டுக்கு இந்த வயதில் ஏறலாம், ஆனால் உங்கள் அறை உயரம் என்ன, ஃபேன் எங்கே தொங்குகிறது என்று ரஹமத்துல்லா கேட்கிறார். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்களாம், தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கினால் இறக்கை தட்டும், சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் போட்டால்தான் மூன்றாவது தட்டை நான் விற்பேன் என்கிறார். விற்க வந்தவர் இப்படிச் சொல்வது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அவர் வேறொரு கட்டிலைக் காட்டுகிறார், இரண்டு அடுக்கு, அழகாக இருக்கிறது, உயரம் குறைவு, பயமே இல்லை. நானே ஒருமுறை மேலே ஏறிப் பார்க்கலாமா என்று கேட்கிறேன். எழுபத்து நாலு கிலோதான் என்கிறேன். அவர் சிரித்து ஏறச் சொல்கிறார். மிருதுளாவை இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறேன். நான்காவது படியில் உள்ளங்கை வியர்க்கிறது. மேலே பலகைமேல் முழங்காலால் தவழ்ந்து போய் மல்லாந்து படுக்கிறேன். கடையின் கூரை முகத்துக்கு அருகே வந்துவிட்டது, ஒரு குழல்விளக்கு காதுக்குள் ரீங்காரம் செய்கிறது. எட்டிப் பார்த்தால் தரை எவ்வளவு தூரம். இங்கிருந்து ஒரு பிள்ளை உருண்டால். விழுகிற சத்தம் எனக்கு இப்போதே கேட்கிறது. நான் உள்ளே சுருண்டுகொள்கிறேன், நாற்பத்து நாலு வயது ஆள், பர்னிச்சர் கடையில் எல்லோரும் பார்க்க. கீழே ரஹமத்துல்லா மூன்று பேரையும் மெத்தைகள் பக்கம் கூட்டிப்போவது கேட்கிறது, எந்த மெத்தை அமுங்குகிறது என்று பார்க்கச் சொல்கிறார். அவர்கள் சத்தம் தள்ளிப் போகிறது. ஏணி ஒருமுறை முனகுகிறது. கைப்பிடிச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் மதியின் முகம் எழுகிறது. மூன்றாவது படியில் நின்று தாடையைச் சட்டத்தின்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்.

வேண்டாம் மதி என்கிறேன். ரெண்டடுக்கே எடுத்துக்கலாம், அழகாத்தான் இருக்குது. ஒண்ணு நம்மகூடப் படுத்துக்கட்டும்.

"எதுங்க?" என்றாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள், கடையில் எந்த நிறம் என்று கேட்பதுபோல. நான் வாயைத் திறந்தேன். மூன்று பெயர்களும் நாக்கில் வந்து நின்றன. குழல்விளக்கு ரீங்காரம் செய்துகொண்டே இருந்தது. ஏழு வருஷமாக எனக்குள்ளே மட்டும் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கேள்வியை இவள் எங்கிருந்து எடுத்தாள், எப்போது எடுத்தாள். என் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக வழிந்தது, மல்லாந்து படுத்திருந்ததால் துடைக்கத் தோன்றவில்லை. நீ தைரியமா வேண்டாம்னு வந்துட்ட, நான் கையெழுத்துப் போட்டவன் என்றேன், இவ்வளவு காலம் கழித்து, ஒரு கட்டிலின் உச்சியில் படுத்துக்கொண்டு.

மதி சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். தைரியமெல்லாம் இல்லை, அவளும் சரி என்றுதான் உள்ளே போய்ப் படுத்தாளாம். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள், வயிற்றில் களிம்பு தடவி, ஸ்கேன் கருவியை வைத்து, திரையில் ஒன்றைக் காட்டி, இதுதான் ஊசிக்கு வாகா இருக்கு என்று டாக்டரம்மா நர்ஸிடம் சொன்னார்களாம். அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒண்ணுக்கு முட்டியதாம். அடக்க முடியவில்லை, போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று எழுந்து போனாள். முகம் கழுவினாள். திரும்பிப் போய்ப் படுக்கத்தான் கதவைத் திறந்தாள். அந்தக் கழிவறைக்கு இரண்டு கதவு. அவள் திறந்தது வராந்தாப் பக்கம் போகிற கதவு. "தொறந்தா எதிர்ல நீங்க நிக்கறீங்க. என் செருப்பு ரெண்டையும் நெஞ்சோட சேத்துக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கறீங்க. அதைக் கீழ வைக்கக்கூட உங்களுக்குத் தோணல. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் திரும்பிப் போக முடியல, போலாம்னு சொல்லிட்டேன். அவ்வளவுதாங்க." எனக்குப் பல்லி ஞாபகமிருந்தது, செருப்பு ஞாபகமில்லை. ஒரு தவறான கதவு. அதன் கைப்பிடி இடதுபக்கம் இருந்ததா வலதுபக்கம் இருந்ததா, அவள் முகத்தைத் துடைத்துவிட்டு எந்தப் பக்கம் திரும்பினாள், அவ்வளவுதான், அதன்மேல்தான் எல்லாம் நின்றிருக்கிறது, பல்லும் காய்ச்சலும் தண்ணி வரலவும். இத்தனை மெல்லியதன்மேல் இத்தனை கனம் எப்படி நிற்கிறது. நான் எழுந்து உட்கார்ந்தேன். என் கேள்வி தானாகவே வெளியே வந்துவிட்டது. அவங்க காட்டினது எதுன்னு உனக்குத் தெரியுமா.

"தெரியும். கடசி வரைக்கும் அது அதே எடத்துலதான் கெடந்துச்சு. எது எங்க ஒதைக்கும்னு எனக்குத் தெரியாதா," என்றாள். பிறகு என் கண்ணைப் பார்த்து, "சொல்லட்டுங்களா?" என்றாள்.

மெத்தைகளின் பக்கம் பார்த்தேன். உயரத்திலிருந்து கடை முழுவதும் தெரிந்தது. அடுக்கிவைத்த மெத்தைமேல் மூன்று பேரும் குதித்துக்கொண்டிருந்தார்கள், ரஹமத்துல்லா விழாமல் இருக்க இரண்டு கையையும் விரித்து நின்றிருந்தார். ஒருவர் எழும்பும்போது ஒருவர் இறங்க, மூன்று தலைகளும் மாறி மாறி மேலே வந்தன. இவளுக்குத் தெரியும். இந்த ஏழு வருஷமும் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று பேருக்கும் பால் கொடுத்திருக்கிறாள், தெரிந்துகொண்டே மூன்று தட்டிலும் ஒரே அளவு சோறு போட்டிருக்கிறாள், அடித்திருக்கிறாள், தலை வாரியிருக்கிறாள், ஒரு தரம்கூட அவள் கை ஒரு பக்கம் சாய்ந்து நான் பார்த்ததில்லை. நான் தெரியாமலே இத்தனை ஆடியிருக்கிறேன். நாலடி பத்து உயரத்தில், ஏணியின் மூன்றாவது படியில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிற இவள் யார். பதினாறு வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிறேன், இன்றைக்குத்தான் பார்க்கிறேன். சொன்னால் அவள் பாரம் பாதியாகும். ஆனால் சொன்ன நொடியில் அங்கே குதிக்கிற மூன்றில் ஒன்று தனியாகிவிடும், மற்ற இரண்டும் வேறு இரண்டாகிவிடும். என் முகத்தில்தான் எல்லாம் தெரிந்துவிடுமே. அந்தப் பிள்ளை ஒருநாள் அதைப் படித்துவிடும்.

"வேண்டாம் மதி," என்றேன். "உனக்குத் தனியாச் சுமக்க முடியலைன்னா சொல்லு, கேட்டுக்கறேன். எனக்காகச் சொல்ல வேண்டாம்."

அவள் யோசித்தாள். குதிக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பழகிருச்சுங்க என்றாள். என் சட்டைக் காலரில் ஈரமாக இருந்த இடத்தைப் புறங்கையால் ஒருமுறை ஒற்றிவிட்டு இறங்கிப் போனாள். ரஹமத்துல்லாவிடம், மூணடுக்கே போட்டுருங்க, நாளைக்கே ஃபேனைக் கழட்டிர்றோம், மேல சட்டம் மட்டும் இன்னும் நாலு விரக்கடை ஏத்திக் கட்டித் தரணும் என்று அவள் சொல்வது கேட்டது. அவர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, சட்டத்தை அளந்து, பென்சிலால் குறித்தார். வியாழக்கிழமை ஆள் வந்து மாட்டித்தருவார்களாம். நான் ஏணியில் பின்பக்கமாக ஒவ்வொரு படியாகக் கால் தேடி இறங்கினேன். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, வியாழக்கிழமைக்குப் பிறகு எத்தனை ராத்திரி எழுந்துபோய்ப் பார்க்கப்போகிறேனோ. தரையைத் தொட்டதும் மெத்தைகள் பக்கம் திரும்பி, முதலில் வாயில் வந்த பெயரைச் சொல்லி, வா சாமி போலாம் என்று கூப்பிட்டேன். ஒரு பெயரைத்தான் சொன்னேன். மூன்று பேரும் இறங்கி ஓடி வந்தார்கள்.